கொய்னாவும் கீரையும்

அரசர்களுடைய சரித்திரத்தை எழுதுவது அவ்வளவு கஷ்டமான காரியமல்ல. தாங்கள் வென்ற ஊர்களையும் தானம் செய்த நிலங்களையும் அவர்களே கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காய்ச்சலுக்கு அப்படிக் கல்வெட்டு எதுவும் கிடையாது. அது ஊருக்கு ஊர் வந்தது. தொட்டிலையும் கட்டிலையும் காலி செய்தது. பருவம் மாறியதும் போய்விட்டது. அதன் பெயர்கூட நிலையாக இல்லை. குளிர்காய்ச்சல் என்றார்கள், முறைக்காய்ச்சல் என்றார்கள், விஷக்காய்ச்சல் என்றார்கள்.

ஆனாலும் ஒரு கல் உண்டு. தெற்குச் சீமையின் பழைய நடைபாதைகளில் இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்திருப்பதை நேயர்கள் பார்த்திருக்கலாம். சுமைதாங்கி என்று அதற்குப் பெயர். தலைச்சுமையோடு வருகிறவன் பிறர் துணை இல்லாமலே சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறலாம். பிறகு தானே தலைக்கு ஏற்றிக்கொண்டு நடக்கலாம். வழிப்போக்கருக்கு நல்ல உபகாரந்தான். ஆனால் அந்தக் கல்லை யார் நினைவாக நாட்டுவார்கள் தெரியுமா? வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போய்விட்டாளே, ஊரார் சுமை இறங்கும் போதெல்லாம் அவளுடைய சுமையும் கொஞ்சம் இறங்கட்டும் என்பது நம்பிக்கை.

அந்தப் பெண்கள் எதனால் இறந்தார்கள் என்று கல் சொல்லாது. ரத்தப் பெருக்கால் இறந்தவர்கள் உண்டு. பிரசவ ஜன்னியால் இறந்தவர்கள் உண்டு. இந்தக் கட்டுரை வேறு இரண்டு எமன்களைப் பற்றியது. ஒன்று மலேரியாக் காய்ச்சல், மற்றொன்று சோகை. இரண்டும் தனித்தனியே வந்தாலும் கொல்லக் கூடியவை. சேர்ந்து வந்தபோது கர்ப்பிணியின் பாடு என்ன ஆயிற்று என்பதையும், அதைக் கண்டறிந்து சொன்னவர்களின் கதையையும்தான் சொல்லப் போகிறேன்.

* * *

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் பழைய ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. 1985-ல் ஜில்லாவைப் பிரித்தபோது விருதுநகர் மாவட்டத்தோடு போயிற்று. அருப்புக்கோட்டை என்றால் தறிச் சத்தம். திருச்சுழி என்றால் திருமேனிநாதர் கோயில். 1879-ல் ரமண மகரிஷி பிறந்த ஊர் என்பதும் உலகறிந்தது. ஊரை ஒட்டிக் குண்டாறு ஓடுகிறது. ஓடுகிறது என்பது ஒரு மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. வருஷத்தில் பெரும்பகுதி அது மணலாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையைக் கண்மாயில் தேக்கிக் கொஞ்சம் நெல். மற்றபடி கரிசலில் பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, மல்லி, மிளகாய். குடிக்க ஊருணி. அதுவும் வற்றினால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடக்க வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட பூமிக்கும் மலேரியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். கொசுவுக்குத் தண்ணீர் வேண்டுமே! மலேரியா என்றால் மலைக்காடு, தேயிலைத் தோட்டம், சதுப்பு நிலம் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? இந்த எண்ணம் ரொம்பப் பழையது, ரொம்பத் தவறானதுங்கூட. வறண்ட பூமிக்கு மலேரியா வராமல் இல்லை. எப்போதாவது வரும். எப்போதாவது வருவதுதான் அங்கே அபாயம்.

காரணத்தைச் சொல்கிறேன். வருஷம் முழுவதும் மலேரியா குடியிருக்கிற ஊரில் குழந்தைப் பருவத்திலேயே எல்லாரையும் அது பலமுறை பிடித்து ஆட்டிவிடும். அதில் பல குழந்தைகள் செத்துப்போகும். பிழைத்து வளர்ந்தவர்களின் உடம்பு மட்டும் அந்தக் கிருமியோடு ஒருவிதமாக ராசியாகிவிடும். காய்ச்சல் வந்தாலும் ஆளைக் கொல்லாது. மண்ணீரல் வீங்கி வயிற்றில் கட்டியாக இருக்குமே தவிர, உயிர் தங்கும். வறண்ட ஊர்க்காரனுக்கு இந்தப் பயிற்சி கிடையாது. அவனுடைய தகப்பனாருக்கும் கிடையாது. ஒரு வருஷம் மழை தவறி, மறுவருஷம் மழை கொட்டி, காய்ச்சல் வந்துவிட்டதென்றால் குழந்தை, கிழவன், கட்டுமஸ்தான வாலிபன் என்ற வித்தியாசமில்லாமல் எல்லாரும் ஒரே சமயத்தில் பாயில் விழுவார்கள். தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இருக்காது.

1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் வீடுகளில் பாட்டிமார்கள் சொல்லிவந்தது வெகுகாலம் வரை காதில் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பஞ்சத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. மழை இல்லாதபோது ஜனங்கள் பட்டினியால் செத்தார்கள். இது எதிர்பார்க்கக் கூடியது. 1877-ன் பிற்பகுதியில் மழை வந்தது. இனித் துன்பம் தீர்ந்தது என்று நினைத்த நேரத்தில் காய்ச்சல் கண்டு மறுபடியும் ஜனங்கள் திரள் திரளாகச் செத்தார்கள். பட்டினி கிடந்த உடம்பும் புதுத் தண்ணீரும் சந்தித்ததன் விளைவு அது. மழையையே தெய்வமாகக் கும்பிடுகிற பூமியில், மழைக்குப் பின்னால் சாவு வந்தது என்றால் மனிதன் எதை நம்புவான்?

அப்போது யாருக்கும் காரணம் தெரியாது. கெட்ட காற்று என்றே பொருள்படும் பெயரை இத்தாலியர்கள் இந்த நோய்க்கு வைத்திருந்தார்கள். 1880-ல் அல்ஜீரியாவில் இருந்த லாவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர் நோயாளியின் ரத்தத்தில் கிருமியைக் கண்டார். 1897 ஆகஸ்டு 20-ந் தேதி, செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்து அதே கிருமியின் வளர்ச்சியைக் கண்டார். இந்தக் கதை பள்ளிப் பாடங்களில் இருக்கிறது. ஆகையால் அதை விட்டுவிட்டு மேலே போகலாம்.

பாடத்தில் இல்லாத பெயர் கிறிஸ்டோபர்ஸ் என்பது. இவரும் ராணுவ டாக்டர்தான். 1908-ல் பஞ்சாபில் மலேரியா பெருவாரியாக வந்து லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது. அதைப் பற்றி 1911-ல் அவர் ஓர் அறிக்கை எழுதினார். கொசுவையும் மழையையும் ஆராய வந்தவர் கடைசியில் தானிய விலையையும் கணக்கெடுத்தார். எந்த வருஷத்தில் மழை அதிகமோ அந்த வருஷத்தில் காய்ச்சல் வரும்; ஆனால் எந்த வருஷத்தில் மழையோடு விலைவாசியும் ஏறியிருக்கிறதோ அந்த வருஷத்தில்தான் அது கூட்டங் கூட்டமாகக் கொல்லும் என்று கண்டார். கொசு எல்லாரையும் கடிக்கிறது. காலி வயிற்றைக் கொல்கிறது. தாது வருஷத்துக் கிழவிக்கு இது புதிய செய்தியாக இருந்திராது. சர்க்கார் காகிதத்தில் ஏறியதுதான் புதிது.

* * *

வானம் பொய்த்தால் ராமநாதபுரம் ஜில்லாக்காரனுக்கு ஒரு போக்கிடம் இருந்தது: கண்டிச் சீமை. காப்பித் தோட்டம் போட ஆள் வேண்டுமென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கங்காணிகள் வந்து கூப்பிட்டார்கள். ராமேசுவரக் கரையிலிருந்து தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து வன்னிக் காட்டின் வழியே மாத்தளை வரைக்கும் நடை. வடக்குப் பாதை என்று அதைச் சொல்வார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைப்பது அரிது. கிடைக்கிற குட்டைகளைச் சுற்றிக் காய்ச்சல். பேதியாலும் காய்ச்சலாலும் அந்தப் பாதையில் விழுந்து எழுந்திராதவர்கள் எத்தனை பேர் என்று கணக்கு வைத்தவர்கள் இல்லை. அது காட்டு மலேரியாவின் பிரதேசம். வறண்ட ஊரிலிருந்து பயிற்சி இல்லாத உடம்போடு வந்தவன் அங்கே என்ன செய்வான்?

முதலில் ஆண்கள்தான் அதிகம் போனார்கள். காப்பிச் செடியில் துரு நோய் விழுந்து, அதன் இடத்துக்குத் தேயிலை வந்த பிறகு நிலைமை மாறியது. தேயிலைக் கொழுந்து வருஷம் முழுவதும் கிள்ள வேண்டியது. அதற்குப் பெண்களின் விரல் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாகப் போகத் தொடங்கினார்கள். கருவுற்ற பெண்கள் போனார்கள், கைக்குழந்தைகளும் போயின. 1914-ல் பாம்பன் பாலமும், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் வந்தன.

1934-ல் இலங்கையில் மழை பொய்த்தது. எப்போதும் பசுமையாக இருக்கிற தென்மேற்குப் பகுதியிலே நதிகள் வற்றின. சாதாரணமாகப் பெருகி ஓடுகிற ஆறுகள் கொசு முட்டைகளை அடித்துக்கொண்டு போய்விடும். அந்த வருஷம் ஆறுகள் அங்கங்கே நின்று குட்டைகளாகிவிட்டன. வெயில் படுகிற, தெளிந்த, ஓடாத தண்ணீர் கிடைத்தால் அனாபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற கொசுவுக்குக் கொண்டாட்டம். இவ்வளவு பெரிய பெயரைக் கண்டு நேயர்கள் மிரள வேண்டாம். நம்முடைய குண்டாற்று மணற்பள்ளங்களில் தண்ணீர் தேங்கினால் முட்டையிட வருகிற ஜாதிதான் அது. மாட்டுக் கொட்டிலும் மனிதன் வீடும் அருகருகே இருந்தால் அதற்கு வேறொன்றும் வேண்டாம்.

ஏழெட்டு மாதத்துக்குள் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். காய்ச்சல் கண்டவர்கள் பதினைந்து லட்சம் இருக்கும். தீவின் மொத்த ஜனத்தொகையே அப்போது ஐம்பத்தைந்து லட்சந்தான். வழக்கமாக மலேரியா இருக்கும் வறண்ட வடபகுதியைவிட, வழக்கமாக மலேரியா இல்லாத ஈரப் பகுதியில்தான் அதிகமாகச் செத்தார்கள். பயிற்சி இல்லாத உடம்பு என்று முன்னே சொன்னேனே, அதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 1935-ல் இலங்கையில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் முதல் வயதைக் காணவில்லை.

கொழும்பு நகரத்தில் டி சொய்சா பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே விக்கிரமசூரிய என்ற டாக்டர் வேலை பார்த்தார். கொள்ளை நோய் மூண்டிருந்த மாதங்களில் காய்ச்சலோடு வந்த கர்ப்பிணிகளை அவர் ஒருவர் விடாமல் கவனித்துக் குறித்துக்கொண்டு வந்தார். 1935-லும் 1937-லும் அவர் எழுதியவை வெளியாயின. கர்ப்பமில்லாத பெண்களைவிடக் கர்ப்பிணிகள் இரு மடங்கு இறந்தார்கள் என்று கண்டார். தாயின் ரத்தத்திலுள்ள கிருமி நச்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவுக்கும் போகக்கூடும் என்பதையும் எடுத்துக் காட்டினார். ஆஸ்பத்திரியில் கூட்டம் வழிகிறபோது, ஒரு கையால் மருந்து கொடுத்துக்கொண்டே மறு கையால் குறிப்பு எழுதினாரே, அதைத்தான் ஆராய்ச்சி என்கிறேன்.

அந்த நாளில் மலேரியாவுக்கு முக்கியமான மருந்து கொய்னாதான். 1860-களிலேயே நீலகிரியில் நடுவட்டத்தில் சர்க்கார் சிங்கோனா மரங்களை வளர்க்கத் தொடங்கி, பிறகு அதன் பட்டையிலிருந்து கொய்னா எடுத்தார்கள். ஆனால் கர்ப்பிணிக்குக் கொய்னா கொடுக்க வீட்டார் பயப்பட்டார்கள். கரு கலைந்துவிடும் என்ற பயம். கரு கலைந்ததும் உண்டு. அது கொய்னாவாலா, காய்ச்சலாலா என்று யார் கண்டார்கள்? மருந்தைத் தள்ளிப் போட்டால் காய்ச்சலே அந்த வேலையைச் செய்துவிடும் என்று டாக்டர்கள் தலையால் அடித்துக்கொண்டார்கள்.

மலேரியாக் கிருமி கர்ப்பிணியிடம் மட்டும் ஏன் இப்படி மூர்க்கமாக நடந்துகொள்கிறது என்பதற்குத் தெளிவான விடை கிடைக்க 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஃபிரீட், டஃபி என்ற இரண்டு விஞ்ஞானிகள் கென்யா நாட்டுப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து நச்சுக்கொடிகளைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். கடுமையான மலேரியாக் கிருமி ரத்த அணுவுக்குள் இருந்துகொண்டு, அந்த அணுவின் மேல் பிசின்போல ஒரு பொருளை வெளியே நீட்டி வைக்கிறது. நச்சுக்கொடியில் அந்தப் பிசின் ஒட்டுவதற்கென்றே அமைந்ததுபோல் ஒரு பொருள் இருக்கிறது. ஆகவே கிருமிகள் அங்கே போய் அப்பிக்கொள்கின்றன. தாய்க்கு முன்பு எவ்வளவு எதிர்ப்புச் சக்தி இருந்தாலும் சரி, நச்சுக்கொடி அவள் உடம்பில் புதிதாக முளைத்த இடம். அங்கே ஒட்டுகிற கிருமியை அவள் உடம்பு முன்பின் பார்த்ததில்லை. அதனால்தான் மலேரியா குடியிருக்கிற நாடுகளில் தலைச்சன் பிள்ளைக்காரிக்கு ஆபத்து அதிகம். இரண்டாவது, மூன்றாவது பிரசவங்களில் உடம்பு கற்றுக்கொண்டுவிடுகிறது. எதிர்ப்புச் சக்தியே இல்லாத ஊர்ப் பெண்ணுக்கோ எல்லாப் பிரசவமும் தலைச்சன் பிரசவந்தான். பிள்ளைக்குப் போக வேண்டிய உணவு தடைப்பட்டு, எடை குறைந்து பிறக்கிறது. தாயின் ரத்தமோ நாளுக்கு நாள் அழிகிறது. இங்கேதான் சோகை கதையில் நுழைகிறது.

* * *

1928-ல் பம்பாய்க்கு லூஸி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி வந்தார். வயது நாற்பது. கேம்பிரிட்ஜில் தாவர சாஸ்திரமும் பூகர்ப்ப சாஸ்திரமும் படித்தவர். அந்தச் சர்வகலாசாலை அப்போது பெண்களைப் பரீட்சை எழுத விட்டதே தவிரப் பட்டம் கொடுக்கவில்லை. பிறகு லண்டனில் பெண்களுக்கான வைத்தியக் கல்லூரியில் படித்து டாக்டரானார். இந்தியாவில் பிரசவ மரணங்களை ஆராய்ந்துகொண்டிருந்த மார்கரெட் பால்ஃபர் என்ற டாக்டரின் அழைப்பின்பேரில் அவர் இங்கே வந்தார். பம்பாய் நெசவாலைகளில் வேலை செய்த பெண்கள் கர்ப்பமான கடைசி மாதங்களில் ரத்தம் வெளுத்து, கால் வீங்கி, மூச்சு வாங்கிச் செத்துக்கொண்டிருந்தார்கள். அது என்ன சோகை?

முதலில் கிருமியைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. பிறகு லூஸி வில்ஸ் சமையலறைப் பக்கம் திரும்பினார். யார் யார் என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். கீரையும் காய்கறியும் பழமும் எந்த வீட்டில் குறைவோ அந்த வீட்டுப் பெண்ணுக்கே இந்தச் சோகை அதிகம் வருகிறதென்று தெரிந்தது. அவ்வித உணவையே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். இந்த ஆராய்ச்சியில் ஒரு பகுதியைக் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் நடத்தினார். சென்னையில் கோஷா ஆஸ்பத்திரிக்கு வந்தும் சில காலம் வேலை செய்தார். திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்றும் அப்படியே சொல்கிற அந்த ஆஸ்பத்திரிக்கு இப்போது கஸ்தூரிபா காந்தியின் பெயர்.

எலி பரீட்சையில் ஒரு சங்கடம் வந்தது. எலிகளுக்குச் சோகை வந்ததற்குப் பேன் மூலமாகப் பரவிய ஒரு கிருமியும் காரணம் என்று பின்னால் தெரிந்தது. வேறொருவராக இருந்தால் மனம் சோர்ந்து மூட்டை கட்டியிருப்பார். இவர் விடவில்லை. அந்தச் சமயத்தில் சோகைக்குப் பிரசித்தமான சிகிச்சை ஆட்டீரல், மாட்டீரல்களிலிருந்து எடுத்த சாரம். அது ஏழைக்குக் கட்டுப்படியாகாது. பீர் தயாரித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து இங்கிலாந்தில் மார்மைட் என்ற கறுப்பு விழுது செய்து, ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். மலிவான சாமான். அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். வெளுத்த பெண்களுக்கு ரத்தம் ஊறத் தொடங்கியது. 1931-ல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் இதை வெளியிட்டார். நன்றாகச் சுத்தி செய்த ஈரல் சாரத்தால் குணமாகாத இந்தச் சோகை மார்மைட்டால் குணமானதிலிருந்து, இதுவரை யாரும் அறியாத ஏதோ ஒரு சத்து ஈஸ்ட்டில் இருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. அதற்குப் பெயர் தெரியாததால் வில்ஸ் சத்து என்றே அழைத்தார்கள்.

இலங்கையில் மலேரியா மூண்டது மூன்று வருஷங் கழித்து. சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் மருந்து மூட்டையோடு கிராமம் கிராமமாகப் போனார்கள். அந்த மூட்டையில் கொய்னாவோடு மார்மைட்டும் இருந்தது. காய்ச்சலில் அடிபட்டுச் சத்தில்லாமல் கிடந்தவர்களுக்கு அதையும் கொடுத்தார்கள். பம்பாய் மில் பெண்ணுக்குப் பலித்த சாமான் இலங்கைக் கிராமத்துக்கு வந்துவிட்டது! இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது எவ்வளவு பொருத்தம் என்பதற்கு விஞ்ஞானக் காரணம் உண்டு. மலேரியாக் கிருமி ரத்த அணுக்களை உடைத்து உடைத்துப் போடுகிறது. உடைந்ததற்கு ஈடாக எலும்பு மஜ்ஜை அவசர அவசரமாகப் புது அணுக்களைச் செய்ய வேண்டும். செய்வதற்கு அந்த வில்ஸ் சத்து வேண்டும். கர்ப்பிணிக்கு வயிற்றுப் பிள்ளைக்காகவும் அதே சத்து வேண்டும். கொய்னா கொடுத்துக் கிருமியைக் கொன்றாலும், மூலப்பொருள் இல்லாத மஜ்ஜை என்ன செய்யும்? எரிகிற வீட்டை அணைத்துவிட்டுக் கூரை போடக் கீற்று இல்லாமல் நிற்பதுபோல்தான்.

1941-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் சர்வகலாசாலை விஞ்ஞானிகள் நான்கு டன் கீரையைப் பிழிந்து அதிலிருந்து துளியளவு சத்தை எடுத்தார்கள். லத்தீனில் இலைக்குரிய சொல்லை வைத்து அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். வில்ஸ் சத்து இதுதான் என்று பிறகு தெரிந்தது. இனிக் கீரையைப் பிழிந்து கட்டாது. ரசாயன சாலையிலே செய்ய வேண்டும். 1945-ல் அதைச் செய்து முடித்த லெடர்லி கம்பெனியின் ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைவர் யார்? பீமவரத்தில் பிறந்து, சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் உடுத்தியதால் ஆங்கிலப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல், அதற்குக் குறைந்த பட்டத்தோடு வெளியேறியவர். அவருடைய சகோதரர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயால் இறந்தார். அந்த நோய்க்கும் போலிக் அமிலம் மருந்தாயிற்று. பட்டம் மறுக்கப்பட்ட ஒரு பெண்மணி தேடியதைப் பட்டம் குறைக்கப்பட்ட ஓர் ஆண்மகன் செய்து முடித்தார். இதைக் கதையில் எழுதினால் ரொம்பவும் பொருத்தி எழுதியிருக்கிறான் என்று விமரிசகர்கள் சொல்வார்கள்.

* * *

லூஸி வில்ஸ் அடுப்படியைப் பார்த்தார் என்றால், பால் ரஸ்ஸல் வயல்வெளியைப் பார்த்தார். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்து, கல்லணைக் கால்வாய் வழியாகப் பட்டுக்கோட்டைப் பக்கத்து வறண்ட நிலங்களுக்குத் தண்ணீர் வந்தது. கூடவே மலேரியாவும் வந்தது. ராக்பெல்லர் ஸ்தாபனத்தைச் சேர்ந்த டாக்டர் ரஸ்ஸல் பட்டுக்கோட்டையில் ஆராய்ச்சி நிலையம் வைத்து, 1930-களின் பிற்பகுதியில் டி. ராமச்சந்திர ராவ் முதலிய இந்திய விஞ்ஞானிகளோடு உழைத்தார். தண்ணீர் குற்றவாளி அல்ல. கசிகிற கரையும், வெட்டி மூடாத பள்ளமும், வடியாத வாய்க்காலுமே குற்றவாளிகள் என்று அவர் கண்டார். வயலுக்குத் தண்ணீரை விட்டு விட்டுப் பாய்ச்சினால் கொசுக் குஞ்சு காய்ந்து சாகும், நெல் சாகாது என்று பரீட்சை செய்து காட்டினார். சாமந்தி இனத்துப் பூவிலிருந்து எடுக்கும் பைரித்திரம் என்ற மருந்தைக் கிராமத்து வீடுகளுக்குள் வாராவாரம் தெளித்தால் காய்ச்சல் குறைகிறது என்றும் காட்டினார். வீட்டுச் சுவரில் உட்காரும் கொசுவை வீட்டிலேயே கொல்வது என்ற அந்த யோசனையே பின்னால் டி.டி.டி. தெளிப்புக்கு வழிகாட்டியாக இருந்தது.

1953-ல் இந்திய சர்க்கார் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை ஆரம்பித்தது. அதற்குமுன் வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்குக் காய்ச்சல், எட்டு லட்சம் சாவு என்று மதிப்பிட்டிருந்தார்கள். 1965-ல் நாடு முழுவதும் ஒரு லட்சம் பேருக்குத்தான் காய்ச்சல் என்ற நிலை வந்தது. வெற்றி வெற்றி என்று முழங்கினார்கள். கொசுவும் கிருமியும் முழக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தன போலும்; மருந்துக்குப் பழகிக்கொண்டன. பணமும் கவனமும் குறைந்தன. 1976-ல் மறுபடியும் அறுபத்துநாலு லட்சம் பேருக்குக் காய்ச்சல். இலங்கையில் 1963-ல் பதினேழே பேருக்கு என்று ஆகியிருந்தது. சில வருஷத்தில் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. ஆனால் இலங்கை இரண்டாம் முறை பாடத்தை மறக்கவில்லை. நீண்ட உள்நாட்டுப் போருக்கு நடுவிலும் விடாமல் வேலை செய்து, 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றை உலக சுகாதார ஸ்தாபனத்திடம் பெற்றது.

நம் பக்கம் பாடம் ராமேசுவரத்தில் கிடைத்தது. அந்தத் தீவில் மலேரியா விடாமல் இருந்ததன் காரணத்தைப் புதுச்சேரி ஆராய்ச்சி நிலையத்தார் தேடிப் போனபோது, சவுக்கங் கன்றுகளுக்கு ஊற்ற மணலில் தோண்டி வைத்த ஊற்றுக் குழிகளில் கொசுக் குஞ்சுகளைக் கண்டார்கள். தண்ணீர் இல்லாத பூமியில் மனிதன் தண்ணீருக்காகத் தோண்டுகிறான். கொசு பின்னாலேயே வருகிறது. கிணற்றிலும் சிமிட்டித் தொட்டியிலும் மூடி வைக்காத பாத்திரத்திலும் வளர்கிற ஸ்டிபன்ஸி என்ற ஜாதி நமக்குப் பழைய உறவு. அது 2012-ல் ஆப்பிரிக்காவில் ஜிபூட்டிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பக்கத்து நாடுகளிலும் பரவி, அந்தக் கண்டத்து நகரங்களைக் கலங்க வைத்திருக்கிறது. வறட்சியில் தண்ணீரைச் சேமித்து வைக்கிற எந்த ஊரும் அதற்குச் சொந்த ஊர்.

கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கொடுக்கும் திட்டம் இந்தியாவில் 1970-ல் தொடங்கியது. இன்று திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்துக் கிளினிக்கிலும் அந்தச் சிவப்பு மாத்திரையை நர்ஸ் எண்ணிக் கொடுக்கிறார். எத்தனை பேர் விழுங்குகிறார்கள், எத்தனை பேர் குமட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று பரணில் போடுகிறார்கள் என்பது வேறு விஷயம். 2019-21ல் எடுத்த தேசியக் கணக்கின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இன்னமும் சோகை இருக்கிறது. மலேரியா பெரும்பாலான ஊர்களை விட்டுப் போய்விட்டது. அது கைகோத்து வந்த கூட்டாளி போகவில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. போலிக் அமிலம் தாய்க்கும் பிள்ளைக்கும் வேண்டியதுபோலவே மலேரியாக் கிருமிக்கும் வேண்டும். அந்தச் சத்தைக் கிருமி பயன்படுத்த விடாமல் தடுத்தே அதைக் கொல்கிற ஒரு மருந்தை ஆப்பிரிக்காவில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்கள். அப்போது போலிக் அமிலத்தை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் மருந்து பலிக்காமல் போகிறது. தாய்க்குப் போதுமானது, கிருமிக்கு மிஞ்சாதது என்று பார்த்து அளந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. பகைவன் பசிக்கும் நம் பசிக்கும் ஒரே சோறு என்றால் பரிமாறுகிறவளுக்கு எவ்வளவு சங்கடம்!

கொசுவே எல்லாம் என்று ஒரு கட்சியும், வறுமையே எல்லாம் என்று ஒரு கட்சியும் நூறு வருஷமாக வாதாடி வந்திருக்கின்றன. வறண்ட சீமைக் கர்ப்பிணியின் உடம்பில் இரண்டு கட்சியும் ஜெயித்தன, அவள்தான் தோற்றாள். வயிற்றில் சோறும் பிள்ளையும் ஒரே இடத்தில்தானே இருக்கின்றன, அதிகம் தின்றால் பிள்ளைக்கு நெருக்கும் என்று சொல்லி அவளுக்குச் சோற்றைக் குறைத்தவர்களும் நம் வீட்டுப் பெரியவர்கள்தான், அன்பினால்தான் குறைத்தார்கள். மழை விழுந்த பத்து நாளில் கரிசல் காட்டு வரப்பில் பண்ணைக் கீரையும் தொய்யக் கீரையும் தானாகவே முளைத்துக் கிடக்கும். களை என்று பிடுங்கி எறிகிறவர்கள் உண்டு. ஏழைகளின் கறி என்று முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. நான்கு டன் கீரையைப் பிழிந்து விஞ்ஞானிகள் தேடியதில் ஒரு பங்கு அங்கேயும் இருக்கிறது.

லூஸி வில்ஸ் 1964-ல் காலமானார். சுப்பாராவ் அதற்கு முன்பே, 1948-ல் போய்விட்டார். அவர்களுடைய பெயர்களாவது புத்தகத்தில் இருக்கின்றன. பம்பாயில் மார்மைட்டை முகம் சுளித்துக்கொண்டே விழுங்கி, தங்கள் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்த மில் பெண்களின் பெயர்களும், கொழும்பு ஆஸ்பத்திரியில் விக்கிரமசூரியவின் கணக்கில் ஓர் எண்ணாக மாறிய தாய்மார்களின் பெயர்களும் எங்கும் இல்லை. அவர்களில் பிழைத்தவர்களும் உண்டு, பிழைக்காதவர்களும் உண்டு. இன்று ஒரு பெண் சிவப்பு மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுத் தலையணையில் சாய்கிறாள் என்றால், அந்த மாத்திரையில் அவர்களுடைய பங்கும் இருக்கிறது. பரணில் போட்டு வைக்காமல் அவள் அதை விழுங்க வேண்டும்.